அது என்ன பூ என்று கேட்பவர்களுக்கு

"சுருக்கமாகப் பேசுங்கள்" என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டு தலைமை இருக்கையில் அமர்ந்திருக்கும் தலைவர் அம்மா அவர்களே! இந்தப் படிப்பகத்தின் சாவியையும் சண்டையையும் ஒருசேரச் சுமக்கும் செயலாளர் அவர்களே! எதிர்க்கட்சியாக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் மருந்துக்கடை நண்பரே! பெரியோர்களே! என்னைப் பெறாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! கடைசி வரிசையில் தலையைக் குனிந்திருக்கும் என் சின்ன மருமகளே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கையில் உள்ள தாள்களைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். எழுத்துதான் பெரிது, பேச்சு சிறிதுதான்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? அதோ, அந்தச் சுவரில் தொங்கும் படத்துக்காக. என் மருமகள் வரைந்தது. பூ என்கிறாள். காம்பு எங்கே? இதழ் எங்கே? இலை எங்கே? மஞ்சள் ஒரு பக்கம் சரிகிறது, சிவப்பு மறுபக்கம் எழுகிறது, அவ்வளவுதான். "என்ன பூ என்று கீழே எழுதுங்கள், இல்லாவிட்டால் கழற்றுங்கள்" என்கிறார்கள் சிலர். நான் இறங்கியதும் நீங்கள் கை தூக்கி முடிவு செய்யப்போகிறீர்கள். "கழட்டினா வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருங்க மாமா. இனிமே யாருக்கும் எதையும் காட்ட வேணாம்" என்று காலையில் அவள் சொன்னாள். அதனால்தான் இந்தக் கிழவன் மேடை ஏறினேன்.

மருந்துக்கடை நண்பர் கேட்பதில் நியாயம் உண்டு. பெயர் ஒட்டாத புட்டியை அவர் நீட்டினால் நம் கதி என்ன? சிரிக்காதீர்கள்! நானும் பெயர்ப் பைத்தியம்தான். போன ஆண்டு இதே அறையில், மாலை வகுப்பில், எழுத்துக் கற்றேன். அன்று முதல் பேருந்தின் முதுகு, தீப்பெட்டியின் முகம், சோப்பின் வயிறு என்று எதையும் படிக்காமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டிலேயே பெயர் இல்லாத பூக்கள் பூத்தால் பொறுப்பேனா?

இதற்கு முன் அவள் வரைந்த ஒரு படத்தைக் காட்டிக் கேட்டேன். "ஏம்மா, இது என்ன பூ?"

"தெரியல மாமா."

"வரைஞ்ச உனக்கே தெரியலையா?"

"பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னல்ல நாள் பூரா ஊர்ப் பேரா சொல்லிக்கிட்டே இருக்கேன். லீவு நாள்லயாவது எந்தப் பேரும் சொல்லாம இருக்க விடுங்களேன்."

என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "அவ ஓடைக்கரைக்குப் போறப்ப நீங்களும் போய்ப் பாத்துட்டு வாங்க. இங்க உக்காந்து எங்க உயிரை வாங்காதீங்க!"

போனேன். மருமகளின் பையில் ஒரு தண்ணீர்ப் புட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. தாள் இல்லை, தூரிகை இல்லை, வண்ணம் இல்லை.

"வரையற சாமானெல்லாம் எங்கம்மா?"

"வீட்ல."

"அப்ப எதுக்கு வந்தோம்?"

"உக்காருங்க மாமா."

உட்கார்ந்தேன். எறும்பு கடித்தது. சரி, கலைக்காகக் கடிபடுவோம் என்று இருந்தேன். புல்லுக்கு நடுவே ஒரு மஞ்சள் பூ. "இதுதானே?" என்று விரலை நீட்டினேன். "கையை எடுங்க மாமா, நிழல் விழுது" என்றாள். எடுத்தேன். காத்திருந்தேன். ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் கழித்துப் பறந்தது.

"இப்ப என்ன பாத்தீங்க?"

"தேனீ உக்காந்துச்சு, பூ சாஞ்சுது."

"அது போனதும்?"

"எழுந்துச்சு. எழுந்து, குலுங்கி, அப்புறம் நின்னுச்சு."

"அதைத்தான் கையோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். வழியில பேச்சுக் குடுக்காதீங்க."

பேச்சுக் கொடுக்காமல் நான் வீடு வந்து சேர்ந்தது அன்று ஒரு நாள்தான் என்று என் மனைவி சாட்சி சொல்வாள். வந்ததும் மருமகள் தூரிகையை எடுத்தாள். அன்பர்களே, விரல் வரையவில்லை. தோளிலிருந்து கை முழுவதும் சாய்ந்தது! சாய்ந்தது எழுந்தது! எழுந்தது குலுங்கியது! குலுங்கியது நின்றது! அன்று பிறந்தவை இரண்டு படங்கள். பெரியது இந்தச் சுவருக்கு வந்தது, சின்னது எங்கள் வீட்டு நடையில் தொங்குகிறது.

பிறகு புகார் கிளம்பியது. செயலாளர் வீடு தேடி வந்தார். "ஏதாவது ஒரு பேரை நீங்களே எழுதிக் குடுங்க ஐயா, பிரச்சினை முடிஞ்சுரும்" என்றார். என் கையெழுத்து, படிப்பகச் சுவரில்! எனக்கு ஆசை வராதா? நாக்கைக் கடித்துக்கொண்டு அட்டையில் 'ரோஜா' என்று எழுதினேன். எப்படி இருக்கிறது என்று பார்க்க, வீட்டிலிருந்த சின்னப் படத்தின் கீழே செருகினேன்.

என் மனைவி துடைப்பத்தோடு வந்தாள். அந்தப் படத்தின் முன் தினமும் நின்று சண்டை போடுபவள் அவள். "இன்னிக்கு நெருப்பு மாதிரி இருக்குடி", "இன்னிக்கு யாரோ திரும்பிப் பாக்குற மாதிரி இருக்குடி" என்று மருமகளை வம்புக்கு இழுப்பவள். அன்று அட்டையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஓ, ரோஜாவா? சரி."

பெருக்கிக்கொண்டே போய்விட்டாள்.

நிற்கவில்லை! திரும்பவில்லை! மறுநாளும் நிற்கவில்லை! என் அழகான கையெழுத்து அந்தப் படத்தைச் சாத்திவிட்டது, தாய்மார்களே! மருமகளோ, "எழுத்து நல்லா இருக்கு மாமா" என்றாள், அவ்வளவுதான். அட்டையை நானே உருவினேன்.

பெயர் வேண்டாம் என்று சொல்வேனா? எழுத்தைக் கற்ற மகிழ்ச்சி இன்னும் என் உள்ளங்கையில் ஈரமாக இருக்கிறது. ஆனால் இந்த அறையில் படித்து முடிக்க ஆயிரம் இருக்கின்றன. பார்த்து முடியாத ஒன்றும் இருந்துவிட்டுப் போகட்டுமே!

எனக்கே இன்னும் முடியவில்லை. படத்தின் மூலையில் ஒரு நீலம் இருக்கிறதே, அது என்ன? அன்று நானும் அங்கே இருந்தேனே! ஓடையா? ஓடை சேற்று நிறம். வானமா? மேகம் மூடியிருந்தது. என்ன தாயே? என் சட்டையா? வெள்ளை அம்மா, மண்ணில் உட்கார்ந்து திரும்பும்போதுதான் காவி! பின்னால் யார், மீன்கொத்தியா? அட! அதை நான் யோசிக்கவே இல்லையே! மருமகளே, தலையாட்டிக் காட்டிக்கொடுத்துவிடாதே!

மருந்துக்கடை நண்பரே, ஏன் எழுந்துவிட்டீர்கள்? கோபமா? ஓ, கிட்டப் போய்ப் பார்க்கவா! போங்கள் ஐயா, போங்கள். வழிவிடுங்கள் அவருக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாருங்கள்.

தலைவர் அம்மா, கை தூக்கச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அவர் பார்க்கட்டும். மற்றவர்களும் போய்ப் பாருங்கள். என் பேச்சை இவ்வளவு நேரம் பொறுத்த காதுகளுக்கெல்லாம் நன்றி. இனிக் கண்களின் முறை. வணக்கம்!