அறுபது பேருக்கு ஓய்வுநாள்

சேச்சே, அவர் கோவக்காரரெல்லாம் இல்ல சிஸ்டர். இப்ப பழப்பையோட வந்துட்டுப் போனாரே, அவரேதான் என் வீட்டுக்காரர். சபைப் போதகர். முப்பத்திரெண்டு வருஷத்துல பிரசங்கத்தத் தவிர வேற எங்கயும் குரல ஒசத்தினதில்ல. நீங்க கைல பட்டையக் கட்டி பிரஷரப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். பக்கத்துக் கட்டில் அம்மா என் பேச்சு தாங்காம முதுகக் காட்டிப் படுத்துட்டாங்க.

நாளைக்கு வெள்ளிக்கெழமை டாக்டர் பாத்துட்டு அனுப்பிடுவாருன்னு சொன்னீங்கள்ல? அதக் கேட்டதும் அவர் மொகம் மலர்ந்ததப் பாத்தீங்களா? சனிக்கெழமை எங்களுக்கு ஓய்வுநாள். வெள்ளி பொழுது சாஞ்சதுலேருந்து சனி பொழுது சாயற வரைக்கும் ஒரு வேலையும் கூடாது. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுவாங்க, அறுபது பேரு. யாரு சமைக்கிறதா? நீங்களே சொல்லுங்க பாப்போம். ம், அதேதான்.

ஓய்வுநாள்ல புதுசாச் சமைக்கக்கூடாது பாருங்க. அதனால வெள்ளி விடியக்காலைல ஆரம்பிச்சா, பொழுது சாயறதுக்குள்ள சமைச்சு, பாத்திரம் தேச்சு, வீட்டக் கூட்டி முடிக்கணும். கடைசி அரை மணி நேரம் சூரியன எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே தேய்ப்பேன். மறுநாள் எல்லாத்தையும் சூடு பண்ணணும், பரிமாறணும், அறுபது எச்சில் தட்டையும் கழுவணும். இது வேலை இல்லையான்னு ஒருவாட்டி கேட்டுட்டேன். இல்லம்மா, இது கடவுளுக்குப் பண்ற ஊழியம்னாரு. கேலியா இல்ல சிஸ்டர், மனசார நம்பித்தான் சொன்னாரு. அதான் எனக்கு ஆத்திரமே.

பைபிள்ல ஓய்வுநாளப் பத்தின கட்டளைல மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வந்து தங்குற அந்நியன்வரைக்கும் ஓய்வு போட்டிருக்கு. பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை இல்ல. மாட்டவிட மட்டமாப் போயிட்டேனான்னு கழுவுற எடத்துல நின்னு அழுதிருக்கேன்.

போன வெள்ளி பித்தப்பைல கல்லுன்னு வயித்தக் கிழிச்சீங்க. மூணு நாள் வலில ஒண்ணும் தெரியல. அப்புறம் கை சும்மா இருக்கமாட்டேன்னுச்சு, இந்தப் போர்வையவே மடிச்சுப் பிரிச்சு மடிச்சுக்கிட்டிருந்தேன். செவ்வாய் மத்தியானம் அதுவும் அலுத்துப்போச்சு. வெயில் இந்தச் சுவத்துல ஏறி, மேல போயி, மங்குற வரைக்கும் பாத்துக்கிட்டே கெடந்தேன். ஜெபம்கூடப் பண்ணல. ஆனா யாரோ பக்கத்துல ஒக்காந்து, நீ ஒண்ணும் கொண்டுவர வேணாம், சும்மா இருன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. ஆறு நாள்ல உலகத்தப் படைச்ச கடவுள் ஏழாம் நாள் களைச்சுப்போயா ஓஞ்சாரு? அவருக்கென்ன களைப்பு. செஞ்சதெல்லாத்தையும் கொஞ்ச நேரம் ஒக்காந்து பாக்கணும்னு ஆசையா இருந்திருக்கும். எனக்கு அம்பத்தெட்டு வயசு. இப்பத்தான் மொதமொதல்ல ஒரு ஓய்வுநாள் கெடச்சிருக்கு, அதுவும் செவ்வாக்கெழமைல.

போன சனிக்கெழமை சபைக்காரங்க அவங்கவங்க வீட்டுலேருந்து சாப்பாடு கட்டி எடுத்துட்டு வந்தாங்களாம். நீ இல்லாம சாப்பாடே எறங்கலன்னு எல்லாரும் சொன்னாங்களாம். அதச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தாரு. நாளைக்கு வந்துடு, நீ நாற்காலில ஒக்காந்தபடியே சமையலப் பாத்துக்கலாம்னாரு. பாசமாத்தான் சொன்னாரு, பாவம்.

சீட்டுல எழுதப்போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. வலி எப்படி இருக்குன்னு நீங்க கேக்குறப்பல்லாம் உசுரு போகுதுன்னு சொல்லிட்டிருக்கேன். ஆனா காலைல நான் வராந்தாக் கோடி வரைக்கும் தனியா நடந்துட்டு வந்தத நீங்க பாத்துட்டீங்க. தெரியும். வலி நேத்தே விட்டுடுச்சு சிஸ்டர். பொய் சொல்லக்கூடாதுன்னு போதகர் பொண்டாட்டிக்குத் தெரியாதா? என்ன பண்றது, ஒரு கட்டளைய ஒடச்சாத்தான் இன்னொண்ணக் கைக்கொள்ள முடியுது. நாளைக்கு டாக்டர் வயித்த அமுக்குறப்ப நான் கத்துவேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், கீழ பாத்துக்கிட்டு நில்லுங்க, போதும். ஞாயித்துக்கெழமை காலைல நானே நடந்து வீட்டுக்குப் போயிடுறேன்.