வீரர்கள் சார்பில் ஒரு அட்டை

அட்டையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா திருப்புங்கண்ணே, பெயின்ட் இன்னும் காயல, பாதி எழுத்து என் சட்டையில வந்துடுச்சு. பரவால்ல, பழைய சட்டைதான். என்ன எழுதியிருக்கு? போர் வீரர் மனசை உடைக்காதே. ம், கையெழுத்து நல்லாருக்கு.

இல்லண்ணே, சிரிக்கல. யாரு மனசுன்னு பார்த்தேன், என்னுதுதான். ஆமா, பட்டாளத்துலதான் வேலை, சண்டை நடக்கிற இடத்துலேருந்துதான் வர்றேன், லீவு. ஐயோ, எழுந்திரிக்காதீங்க, சல்யூட்டெல்லாம் வேணாம், பஸ் பிரேக் போட்டா அட்டையைக் கட்டியிருக்கிற கம்பு என் கண்ணைக் குத்தும். அங்க தப்பிச்சவன் இங்க கண்ணை விட்டேன்னா எங்க மேலதிகாரி நம்பவே மாட்டார்.

அந்தப் பேச்சையா? கேட்டோமே, கேட்காம என்ன. இந்தச் சண்டை எதுக்கு, எப்ப முடியும்னு நீங்க எதிர்க்கிற அந்த எம்.பி. அம்மா சபையில எழுந்து கேட்டாங்கல்ல, ஒரே போனைச் சுத்தி டென்ட்டுல அத்தனை பேரும் பார்த்தோம். அதையெல்லாம் பார்க்கக் கூடாதுன்னு மேலதிகாரி சொல்லியிருந்தார். சொல்லிட்டு, எங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு அவரும் பார்த்தார்.

மனசு உடைஞ்சுதான்னா, பொய் சொல்ல மாட்டேன், உடைஞ்சுது. அதுக்கு முந்தின வாரம்தான் எங்க வண்டி டிரைவர் போயிட்டான். தங்கமான பையன், பாட மட்டும் விடக் கூடாது. அப்போ அவன் எதுக்குச் செத்தான்னு ஒருத்தன் கேட்டுட்டான். அன்னைக்கு யாரும் சாப்பிடல. எனக்கு அந்தம்மா மேல வந்த கோவம் இருக்கே, நேர்ல பார்த்து நாலு வார்த்தை கேட்டாத்தான் ஆறும்னு இருந்தேன். இன்னும் முழுசா ஆறல.

ஆனா மறுநாள் எங்க சமையல்காரர் ஒண்ணு சொன்னார். நாம எப்ப வீட்டுக்கு வருவோம்னு ஊர்ல ஒரு ஆளாவது கேட்குதுப்பான்னார். அப்புறம் அதே பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். மந்திரி பேச்சும் பார்த்தோம், கோவிச்சுக்காதீங்க. எங்களைச் சிங்கம்னு புகழ்ந்தார். மாத்திக்க ஈரமில்லாத சாக்ஸ் இல்லாம நாங்க அல்லாடிட்டிருந்தோம். சிங்கத்துக்கு சாக்ஸ் எதுக்குன்னு விட்டுட்டாங்க போல.

நானா? மைக்ல பேசணுமா? அந்தம்மா வீட்டு வாசல்லயா? புரியுதுண்ணே, உங்க கூட்டத்துக்கு நிஜ சிப்பாய் ஒருத்தன் கிடைச்சா எடுப்பாத்தான் இருக்கும். வர்றேன். நானும் அந்த ஸ்டாப்தான், அந்தத் தெருதான்.

என்ன சொன்னீங்க? பெத்த புள்ளை அங்க இருந்தா இப்படிப் பேசுவாங்களாவா? அதைத்தான் கோஷமா போடப் போறீங்களா? போடுங்க, நான் தடுக்கல. ஆனா அவங்க இடது கைப் பக்கமா நின்னு போடுங்க, வலது காது சரியா கேட்காது. என்னப்பா, திருப்பிச் சொல்லுன்னு கேட்பாங்க, நக்கல் பண்றாங்கன்னு நினைச்சுடாதீங்க. அப்புறம் கேட்டைப் பிடிச்சு உலுக்காதீங்க. கொக்கி கழண்டிருக்கு, போன லீவுல கம்பியைச் சுத்திக் கட்டி வச்சுட்டுத்தான் போனேன்.

எப்படித் தெரியும்னா, அந்த வாசல்ல நின்னு கத்தறது உங்களுக்குத்தாண்ணே புதுசு. நான் பள்ளிக்கூடம் போன நாள்லேருந்து கத்தறேன், அம்மா, பசிக்குது, கதவைத் திறன்னு.

மகன் பட்டாளத்துல இருக்கான்னு அவங்க எந்த மேடையிலயும் சொன்னதில்ல. இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் பொறுத்துக்கங்க. அந்தப் பேச்சுக்கப்புறம் கோவத்துல அவங்க போனையே நான் எடுக்கல. உசுரோடதான் இருக்கேன்னு முதல்ல முகத்தைக் காட்டிடறேன். அப்புறம் நீங்க ஆரம்பிங்க.