முப்பத்தொரு விநாடி

எனக்கு இரைச்சல் ஆகாது. வீட்டில் மிக்சி ஓடினால் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். காது மெஷின் விற்கும் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வேன். கேட்காமலே கையைத் தூக்குகிறவர்கள் உண்டு. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதை எழுதச் சொன்னது என் அண்ணன். நடந்ததை நடந்தபடி எழுது என்றார். அப்படியே எழுதுகிறேன்.

யூடியூபில் 'காது' என்ற சேனலை நடத்துவது நான்தான். பாடகர்கள் நேரடியாகப் பாடியதாகச் சொல்லிப் போடும் வீடியோக்களை எடுத்து, நிஜமாகப் பாடியதா, வெட்டி ஒட்டியதா என்று தீர்ப்புச் சொல்வேன். முகத்தைக் காட்டமாட்டேன். என் குரலையும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வேன். போன வாரம் வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. தம்பட்டம் அடித்துக்கொள்ளும் ரகமில்லை நான்.

எனக்கென்று சில விதிகள் உண்டு. முக்கியமானது மூச்சு. ஒருவர் இருபத்தைந்து விநாடிக்கு மேல் மூச்சே விடாமல் ஒரு சுரத்தை இழுத்தால் அது ஒட்டு. இந்த ஒரு விதியை வைத்தே நாற்பத்து மூன்று பேரைப் பிடித்திருக்கிறேன். அதில் ஒரு பெண் அழுதுகொண்டே பதில் வீடியோ போட்டாள். அழுகை நிஜமானது என்று நானே கீழே எழுதினேன்.

அண்ணி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர்தான். அவர் சொன்னால் அவசரத்தில் ஓடுகிறவன்கூட ஒரு நொடி நின்று கேட்பான். அவருக்குத் தொண்டையில் சதை வளர்ந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை என்னை அழைத்தார்.

"தம்பி, நாளைக்கப்புறம் இந்தக் குரல் இருக்குமோ என்னமோ. ஒரே ஒரு பாட்டு பாடிடறேன். உங்ககிட்டதான் நல்ல மைக் இருக்கே, எடுத்துத் தர்றீங்களா?"

சமையலறையில்தான் எடுத்தோம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றார். ஒரே தடவைதான். கடைசி வரியை இழுத்தார், இழுத்துக்கொண்டே போனார். குழாய் சொட்டுவது நின்றுவிட்டதுபோல் இருந்தது எனக்கு. படம் போனில், ஒலி மைக்கில். இரண்டையும் பிறகு நான்தான் சேர்த்துக் கொடுத்தேன்.

அறுவை முடிந்தது. ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில் அண்ணன் மகள் அந்த வீடியோவைப் போட்டுவிட்டாள். நாலே நாளில் பதினெட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். என் ரசிகர்களும் விடவில்லை. 'காது அண்ணே, இதுக்கு என்ன சொல்றீங்க?'

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அளந்து பார்த்தேன். முப்பத்தொரு விநாடி.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இது நிஜம் என்று நான் சொன்னால், அந்த நாற்பத்து மூன்று பேர் கதி என்ன? அவர்கள் பொய்யர்கள் என்று ஊரே நம்புவது என் வாக்கை வைத்து. சொந்த அண்ணி என்பதற்காக விதியைத் தளர்த்தினால் நான் என்ன நீதிபதி? பாடும்போது பக்கத்தில் நின்றேன், உண்மைதான். ஆனால் தீர்ப்புச் சொல்கிறவன் சாட்சியாக இருக்கக் கூடாது. தவிர, ஒலியை நான்தானே படத்தோடு ஒட்டினேன்? ஒட்டு என்று சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

தீர்ப்பு வெளியானதும் ஊரே அண்ணியைக் காறித் துப்பாத குறைதான். பேருந்து நிலையத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், 'அறிவிப்பும் டப்பிங்தானா?' என்று கேட்டார்களாம். அண்ணி என் கடைக்கே வந்துவிட்டார். பேசக் கூடாதே, நோட்டில் எழுதிக் காட்டினார். 'முதல்ல எடுத்தது இருக்குமே தம்பி?'

"போன் கெட்டுப்போச்சு அண்ணி. எல்லாம் அழிஞ்சிடுச்சு."

அழிக்கவில்லை. நல்ல பாட்டை அழிக்க எனக்கு மனசு வராது.

மறுபடி எழுதினார். 'அந்தக் காதுங்கிற ஆளுக்கு நீங்க ஒரு கடிதம் போடுங்களேன். கூட நின்னு எடுத்தவர்னு சொன்னா நம்புவான்.'

போட்டேன். என் பெயரில், எனக்கே. அன்று மாலையே சேனலில் அதைப் படித்துப் பதிலும் சொன்னேன்: 'குடும்பத்தார் சாட்சி செல்லாது. நிஜமென்றால் இன்னொரு முறை பாடிக் காட்டட்டும்.'

ஆறு வாரம் கழித்துத்தான் என்று மனதில் நினைத்தேன். நாளைக் குறிப்பிடாதது என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அறுவை முடிந்த பதினேழாம் நாள் அண்ணன் வேலைக்குப் போனதும் அண்ணியிடமிருந்து செய்தி வந்தது. மைக்கோடு போனேன்.

"அண்ணி, டாக்டர் கூடாதுன்னாரே?" என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"ஒரே தடவை," என்றார். உமியைத் தேய்த்தது போன்ற குரல்.

பாடினார். கடைசி வரியின் பதினோராவது விநாடியில் குரல் துணி கிழிவதுபோல் கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை. வெறும் காற்றை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் காமிராவை ஆட்டாமல் பிடித்திருந்தேன். ஆட்டினால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள்.

தொண்டையில் தழும்பாகிவிட்டது, இனி அந்தக் குரல் திரும்பாது என்றார் டாக்டர். இப்போது பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர்களைத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டிய இயந்திரக் குரல் பேசுகிறது. அண்ணி, தொலைந்த பொருள்களைத் திருப்பித் தரும் கவுன்டரில் இருக்கிறார். குடையோ பையோ தொலைத்தவர்களுக்குச் சைகையில் பதில் சொல்கிறார்.

போன வாரம் ஏதோ பிரின்ட் எடுக்க வந்த அண்ணன் மகள் என் கம்ப்யூட்டரைத் திறந்தாள். முதலில் எடுத்த வீடியோ, சேனல், எல்லாம் அதிலேயே இருந்தது. "சித்தப்பா, அப்போ அந்தக் காது..." என்று ஆரம்பித்தவள் நேரே போய் அண்ணனை அழைத்துவந்தாள். அண்ணன் கை நீட்டவில்லை. "ஏண்டா?" என்று கேட்டு, நடந்ததை எழுதச் சொன்னார். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். அண்ணியின் குரலைக் கெடுத்தவன் நான் என்கிறார். சரி, நான்தான்.

ஆனால் அண்ணனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இரண்டாவது வீடியோவை அண்ணியே 'காது'க்கு அனுப்பிவைத்தார். 'இப்பவாவது நம்புங்க' என்று ஒரே ஒரு வரி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து துருவித் துருவிப் பார்த்தேன். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. மூச்சு வாங்கும் இடமெல்லாம் தெளிவாகக் கேட்டது. இது நேரடியாகப் பாடியதுதான் என்று அத்தனை பேருக்கும் முன்னால் தீர்ப்புச் சொன்னேன். உறவுக்காரர் என்று சந்தேகப்படுவார்களோ என்றுகூட நான் தயங்கவில்லை.