குடிலுக்கு வந்த தகர ரயில்

பெரிய மார்க்கெட்டிலிருந்து உப்பளம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பேர். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வாங்கிய வைக்கோலை மடியில் வைத்திருந்தவர், பக்கத்தில் இருந்த மைத்துனரிடம் சொன்னார்:

“எங்க வீட்டுக் குடில்ல இந்த வருசம் கொழந்த ஏசுவப் பாக்க மூணு ராஜாவும் ரயில்லதான் வர்றாங்க.”

“ஒட்டகம் என்னாச்சி?”

“ஒடைஞ்சி போச்சி மச்சான். அதான் தாத்தா பாரிசுலேர்ந்து கொண்டாந்த தகர ரயில பரண்லேர்ந்து எறக்குனேன். சாவி குடுத்தாதான் ஓடும், சாவியக் காணோம். பொட்டி மேல இருந்த பேர நெட்ல தேடி, கம்பெனிக்கே மெயில் போட்டேன். மூணு நாளு டிக்‌ஷனரிய வெச்சிக்கினு பிரெஞ்சுல எழுதுனேன்.”

“பதில் வந்திச்சா?”

“வந்திச்சி, இங்கிலீசுல. அந்தக் கம்பெனிய எப்பவோ மூடிட்டாங்களாம். பேர மட்டும் ஒருத்தன் வாங்கி, அவன் இன்னொருத்தனுக்கு வித்து, இப்ப அதே பேர்ல சீனாவுல பிளாஸ்டிக் ரயில் செய்றாங்களாம். பாவம்னு பழைய சாவியோட போட்டோ ஒண்ணு அனுப்பியிருந்தாங்க. பாத்தா, நான் இருவது வருசமா செவுத்துக் கடிகாரத்துக்குக் குடுக்கற சாவி.”

மைத்துனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார். “இப்ப ரயில் ஓடுதா?”

“ஜோரா ஓடுது. நேத்து முழுக்க அத ஓட்டிக்கினே உக்காந்திருந்தேன். கடிகாரத்துக்குச் சாவி குடுக்க மறந்துட்டேன், நின்னு போச்சி.”

“அதான் இன்னிக்கு மாதா கோயில்ல பூசை முடியற நேரத்துல வந்தியா?”

“மூணு ராஜாவே லேட்டாத்தான் வந்தாங்க மச்சான்.”