கிளிப் பொட்டலத்தின் சிவப்பு வரி

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு முழங்கால் வலி உண்டு. மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை எதையும் நான் தொடுவதில்லை.

பெயர் திருமூர்த்தி. பெருந்துறையில், மெல்லும் புகையிலையைக் கிளிப் படம் போட்டு விற்கும் கம்பெனியின் விற்பனை மேலாளர். பொட்டலத்தில் எச்சரிக்கை இருந்தே ஆகவேண்டும் என்று கெடுபிடி வந்தபோது முதலாளி காளிச்சாமி சாப்பாட்டையே மறந்தார். பொட்டலத்தில் சரக்கின் பெயர் எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியில் எச்சரிக்கை இருந்தால் போதும் என்றார் வக்கீல். அப்படியானால் பெயரை ஆங்கிலத்தில் போடலாமே என்றவன் நான். எச்சரிக்கையும் அதன் பின்னாலேயே ஆங்கிலத்துக்குக் குடிபெயர்ந்தது. சிவப்பு மையில், விதித்த அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே அச்சிட்டோம். சட்டத்தை மதிப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது. வாங்குகிறவர்களோ கிளியைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

முதலை வாழும் குளத்தருகே எச்சரிக்கைப் பலகை வைக்கும்படி சிங்கராஜா ஆணையிட்டதாம். முதலையே நல்ல மரமாகத் தேர்ந்து பலகை செய்து, முதலைகளின் மொழியில் அழகாக எழுதி நட்டதாம். சிங்கம் பார்வையிட்டுப் பாராட்டிச் சென்றதாம். இப்படி ஒரு கதை கட்டி அலுவலகத்தில் சொன்னேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

பூவாத்தாளைப் பற்றிக் கேட்டீர்கள். சோமனூரில் தறி ஓட்டுகிறவள். தூக்கம் வராமலிருக்கப் புகையிலை அடக்குவாள். சந்தை நாளில் எங்கள் விளம்பர வண்டியருகே வந்து நின்றாள்.

"ஏனுங்க, உங்க கிளி எந்தப் பள்ளிக்கூடத்துல இங்கிலீசு படிச்சுதுங்க?" என்றாள். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன்.

"சிரிப்பு கெடக்கட்டுங்க. கொழம்பு பட்டா வாயெல்லாம் எரியுது, கன்னத்துக்குள்ள வெள்ளையாப் படிஞ்சிருக்குது. அந்தச் செவப்பு எழுத்துல என்ன போட்டிருக்குதுங்க? ஆகாதுன்னு போட்டிருந்தாச் சொல்லிப்போடுங்க, இன்னிக்கே உட்டுப்போடறேன்."

எங்கள் சரக்கின் காரத்தை நாக்கில் வைத்துப் பார்க்கும் ஆட்களுக்கும் அதே வெள்ளைப் படிவு வந்ததுண்டு. அது புற்றாக மாறும் என்று கம்பெனி டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். அதை வெளியே அறிவிக்கும்படி யாரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் அல்லவா?

சிவப்பு வரியின் மேல் விரலை வைத்து, நிதானமாக வாசித்தேன்.

"போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்னு போட்டிருக்குது, அம்மணி."

"அட, அப்ப இத்தன நாளு நான் போட்டதெல்லாம் போலியாட்டிருக்குதுங்க!"

"அதேதானுங்க. இது அசல். போட்டுப் பாருங்க, எரிச்சல் அடங்கிப்போகும்" என்று ஒரு பொட்டலத்தை இலவசமாகவே கொடுத்தேன். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வாசகம் அவ்வளவு எடுப்பாக அமைந்துவிட்டதால், காரமடைத் தேர்த்திருவிழாவிலும் மற்றச் சந்தைகளிலும் யார் கேட்டாலும் அப்படியே வாசிக்கும்படி எங்கள் ஆட்களுக்குச் சொல்லிவைத்தேன். எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பதுதான் விதி. சரியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று எங்கும் இல்லை.

அவளுடைய கணவர் ராசப்பன் கொடுத்த புகாரில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. அவளிடம் வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், நீங்கள் வெறுங்கையோடு திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். தாடையை எடுத்துவிட்டார்களாம், இனிப் பேச்சு இல்லை, எழுதவும் தெரியாது. அதனால்தான் அவள் சொல்லியிருக்கக்கூடியதையும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன். எழுத்தறியாதவர்களுக்கு நான் என்றும் உதவியாகவே இருந்து வந்திருக்கிறேன், ஐயா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.