லிஃப்ட் என்று தேடினால் வராத கடிதம்

எனக்கு வயது நாற்பத்து மூன்று. தையல் கடைக்கு மேல்மாடியில் கணவர், மாமியாருடன் வசிக்கிறேன். ஐந்து மாடி மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மருத்துவமனைக்குள் மட்டும் ஓடும் இணையதளத்தில் ஏறும் ஒவ்வொரு தாளுக்கும் தலைப்பும், தேடினால் அகப்படுவதற்கான அடையாளச் சொற்களும் போடுவது என் வேலை. அந்தச் சொற்களை டேக் என்போம். அதனால் நான் டேக் அக்கா. லிஃப்ட் மெக்கானிக்கைத் திருப்புளி அண்ணன் என்போம். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அவர் எனக்கு உறவு இல்லை, வாய்க்கு அண்ணன்.

சென்ற செவ்வாய் காலை பத்து மணிக்கு லிஃப்ட் நழுவி இறங்கியதில் வரவேற்புப் பெண்ணின் கால் முறிந்தது. அதன் பிறகு மேலாளர், கம்பிவடம் தேய்ந்ததை மெக்கானிக் எழுத்தில் தெரிவிக்கவே இல்லை என்றார். மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுத்ததாக மெக்கானிக் சொன்னார். காகிதம் ஒழியட்டும் என்று இப்போதெல்லாம் கடிதங்கள் மேலாளர் மேசைக்குப் போவதில்லை, இணையதளத்தில் மட்டும் ஏறும். அதன் பிறகு மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் 'லிஃப்ட்' என்று தட்டித் தேடினார். லிஃப்ட் கதவருகே குடை காயவைக்கக் கூடாது என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. மெக்கானிக் கையிலிருந்த எண்ணெய்த் துணியை நான்காக மடித்தார். மேலாளரின் புகாரின்பேரில் அன்றே அவரை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தீர்கள்.

அதன் பிறகு புதன் காலை, தேடிக் கிடைக்காத சொற்களின் பட்டியலைத் திறந்தேன். யார் என்ன தேடி ஏமாந்தார்கள் என்பதைக் கணினி தானே குறித்து வைக்கும். வாரம் ஒருமுறை நான் அதைப் படிக்க வேண்டும். ஏழு மாதமாகப் படிக்கவில்லை, மறைப்பானேன். அதில் 'கம்பிவடம்' அறுபது முறையும், 'திருப்புளி அண்ணன்' நூற்றுப் பன்னிரண்டு முறையும் இருந்தன. அவருடைய கடிதங்களுக்கெல்லாம் அலுவலக விதிப்படி 'செங்குத்துப் போக்குவரத்துச் சாதனம்' என்று தலைப்பிட்டு, அதையே டேக்காகவும் போட்டது நான்தான். விதி எழுதியவரைத் தவிர வேறு எந்த ஜீவனும் அப்படித் தேடாது.

அதன் பிறகு அந்தக் கடிதங்களுக்கு லிஃப்ட், ரோப், கம்பிவடம், திருப்புளி அண்ணன் ஆகிய சொற்களைச் சேர்த்துவிட்டு, மேலாளரை அழைத்து அவர் கையாலேயே தேடச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு முந்தைய கடிதம் முதலில் வந்தது. அதில் நான்கு இழை அறுந்துவிட்டது, உடனே மாற்றவும் என்று இருந்தது.

"இப்பதானேம்மா இதை உள்ள ஏத்துனீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"இன்னிக்கு நான் மாட்டினது பேர்ப்பலகை சார். வீடு அப்பவே கட்டியாச்சு," என்றேன்.

கடிதம் ஏறிய தேதியும் டேக் போட்ட தேதியும் தனித்தனியே பதிவாகியுள்ளன, அச்செடுத்து இணைத்திருக்கிறேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் புகாரைத் திரும்பப் பெற நேரே இங்கு வந்தார்.

அதன் பிறகு வெளியே வந்த மெக்கானிக்குக்கு அவர் பட்டப்பெயரைத் தட்டிக் காட்டினேன். பதினொரு ஆண்டுகளில் எழுதிய இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள் வந்தன. "இம்புட்டா எழுதினேன்!" என்று நின்றபடியே படித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வரவேற்புப் பெண்ணிடம் போய், தவறு என்னுடையது என்று சொன்னேன். "அப்போ கால் சரியாகுற வரைக்கும் என் ஃபோனை நீங்கதான் எடுக்கணும்க்கா," என்றாள். எடுத்து வருகிறேன்.

இந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை. நிலைய எழுத்தர் 'மின்தூக்கி' என்று எழுதிய ஆறு இடங்களிலும் 'லிஃப்ட்' என்று திருத்தச் சொல்லி, திருத்தம்தோறும் கையொப்பமிட்டிருக்கிறேன். நாளைக்கு யாராவது தேடுவார்கள்.

(கையொப்பம்)