களக்காட்டுப் புகையான்

நெல் பூத்துவிட்டால் எனக்குத் தும்மல் நிற்காது, ஐயா. அப்படியும் இருபது வருஷமாகப் பூச்சி பிடிக்க வயலில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். களக்காடு முதல் அம்பாசமுத்திரம் வரை, பயிரில் சாற்றை உறிஞ்சிக் கருக்கும் புகையான் பூச்சி விழுந்தால், விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் எங்கள் ஆய்வகத்துக்கு என்னைத் தேடித்தான் வருவார்கள். ‘குமரகுருபரன் அண்ணாச்சி சொல்லட்டும், பெறவு மருந்தடிப்போம்’ என்பார்கள்.

தொண்ணூற்றைந்தில் மதுமதி வேலைக்கு வந்தாள். அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குச் சங்கடம்.

புகையான் எந்த ஊரில் பிடித்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான். மதுமதி அதை அரைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்து, புற ஊதா விளக்கில் கோடு கோடாகக் காட்டுவாள். ஊருக்கு ஊர் வகை மாறுகிறதா என்று அந்தக் கோடுகள் சொல்லிவிடும். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். நான் வராந்தாவில் போய் நின்றுகொள்வேன். வாக்குமூலத்தில் பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதல் தடவை களக்காட்டுப் பூச்சியின் கோடுகள் மட்டும் தனியாக நின்றன. புகையானைத் தாங்கும் என்று ஒரு புது நெல் வந்திருந்த நேரம் அது. களக்காட்டுப் பூச்சியைக் கூண்டில் அந்த நெல்மேல் விட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்தில் கருக்கிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மதுமதி நிதானக்காரி. “ஒரு தடவ வந்தத வச்சுச் சொல்லக் கூடாது சார். இன்னும் ரெண்டு தடவ பிடிச்சுத் தாங்க” என்றாள். இரண்டு தடவையும் அம்பாசமுத்திரத்தில் ஒரே வயலில் பிடித்து எல்லாக் குப்பிகளிலும் போட்டேன். குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும், மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். குப்பிக்கு ஓர் ஊர்ப் பெயராக, களக்காடு என்றும் அழகாகவே எழுதினேன்.

கோடுகள் ஒன்றுபோல வந்தன. முதல் தடவை தன் கைதான் தவறியிருக்கிறது என்று அவள் நம்பிவிட்டாள். எல்லா ஊரிலும் புது நெல்லை விதைக்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள். களக்காட்டில் பயிர் கருகும், அவள் பெயர் கெடும், சம்சாரிகள் என்னிடம் திரும்பி வருவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

விதைப்புக்கு முன்னால் களக்காட்டு நேசையா வந்தார். குத்தகைக்கு உழுகிறவர். பல வருஷமாக என்னிடம் யோசனை கேட்டவர். வராந்தாவில் என்னைப் பார்த்து, “சுகமா இருக்கியளா அண்ணாச்சி? அந்தம்மாவப் பாத்துட்டு வந்துருதேன்” என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

“வெதைக்கலாம்னு சொல்லிட்டாவ.”

“நல்லது வே” என்றேன்.

பயிர் வட்டம் வட்டமாகக் கருகியது. அந்த வயலிலேயே நேசையா உயிரை மாய்த்துக்கொண்டார். சாவு வீட்டில் மதுமதி அவருடைய மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எழுந்து நிற்கச் சொல்லி நான்தான் அவளைத் தேற்றினேன். மறுநாளே வேலையை விட்டுவிட்டாள்.

பூச்சியை மாற்றிப் போட்டது நான்தான், ஐயா. கூண்டு விஷயத்தை மறைத்ததும் நான்தான். ஆனால் நேசையாவைக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். விதைக்கட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அவர் என்னிடம் கேட்கவே இல்லை.